நல்ல தண்ணி 10 நாளைக்கு ஒருமுறை, போர்த் தண்ணி உப்பு: 5 பேர் வீட்டில் கோடையை ஓட்டுவது எப்படி?

கண்மாய்க்கரை:
ராமநாதபுரம் பக்கம். வீட்டில் 5 பேர். குழாயில் நல்ல தண்ணி 10 நாளைக்கு ஒரு தடவை வருது, ஒரு முறைக்கு 2000 லிட்டர் பிடிக்கலாம். போர்த் தண்ணி டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கு என்ற அளவு) 2800, சித்திரையில் அதுவும் கால் மணி நேரம் ஓடினால் காற்று வாங்கும். மொட்டை மாடி 800 சதுர அடி. வாசல் பக்கம் 8-க்கு 6 அடி தரைத்தொட்டி. ஒரு தென்னை, ஒரு முருங்கை, கொஞ்சம் தொட்டிச் செடி. வெஸ்டர்ன் கழிப்பறை ஒன்று, இந்தியன் ஒன்று. லாரித் தண்ணி வாங்காமல் ஆடி வரைக்கும் ஓட்ட என்ன செய்யலாம்? எதை முதலில் செய்யணும் என்ற வரிசைதான் முக்கியமா வேணும்.

குழாய்வேலை:
முதலில் கணக்கு. 2000-ஐ 10 நாள், 5 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் நல்ல தண்ணி. கிராமத்து வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவே 55 லிட்டர்தான். கைவசம் போரும் இருப்பதால் 40 லிட்டர் குறைவே இல்லை, ஒழுகாமல் இருந்தால்.

அதனால் வரிசையில் முதல் வேலை ஒழுக்கு பார்ப்பது. காசு செலவில்லை, ஒரு ராத்திரி போதும்.

தரைத்தொட்டி: ராத்திரி எல்லோரும் படுத்தபின் மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் குழாய் வால்வையும் மூடிவிட்டு, நீர்மட்டத்தில் சுவரில் பென்சில் கோடு போடுங்கள். காலை 5 மணிக்குத் திரும்பப் பாருங்கள். 8-க்கு 6 அடி தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் போனது 44 லிட்டர். ஒரு ராத்திரியில் அரை செ.மீ. இறங்கினாலே பூச்சில் கீறல் என்று அர்த்தம். மோட்டாரின் பூட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு) கெட்டிருந்தால் கதை வேறு: அந்தக் குழாயில் நிற்கும் தண்ணி தொட்டிக்கே இறங்கிவிடும், ஒவ்வொரு தடவையும் மோட்டாருக்குத் தண்ணி ஊற்ற வேண்டிவரும். அதில் இழப்பு கிடையாது, தொல்லைதான். அதை ஒழுக்கு என்று நினைத்துத் தொட்டியை உடைத்துப் பூசிவிடாதீர்கள். தொட்டிக் கீறல் என்றால் மட்டம் ஏதோ ஒரு உயரம் வரைக்கும் இறங்கி அங்கேயே நின்றுவிடும். நின்ற இடத்தில்தான் கீறல்.

மேல்தொட்டி: பால்காக்கின் (தொட்டி நிறைந்ததும் தானே மூடும் மிதவை வால்வு) வாஷர் உப்புத் தண்ணியில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. கழற்றிப் பார்த்தால் ரப்பரில் வட்டமாகத் தடம் விழுந்து, அந்தத் தடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஏறியிருக்கும். ரப்பரைத் திருப்பிப் போட்டால் ஆறு மாதம் ஓடும். வழியும் குழாய் (ஓவர்ஃப்ளோ) மாடித் தரையைப் பார்த்து இருந்தால் வழிவது யாருக்கும் தெரியாது. அதன் வாயை வாசல் பக்கம், கண்ணில் படும் இடத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

சொட்டும் குழாய்: கீழே டம்ளர் வைத்து 10 நிமிடம் பிடியுங்கள். 100 மில்லி சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் போகிறது. உங்கள் கணக்கில் அது ஒரு ஆளின் நல்ல தண்ணியில் மூன்றில் ஒரு பங்கு.

வேப்பமரத்தடி:
வெஸ்டர்ன் டாய்லெட் டேங்க்கில் ஒரு செங்கல்லைப் போட்டு வைங்க, ஒவ்வொரு தடவையும் ஒன்றரை லிட்டர் மிச்சம். பழைய டேங்க் 10 லிட்டர் பிடிக்கும்.

குழாய்வேலை:
செங்கல் வேண்டாம் அண்ணே. நாட்டுச் செங்கல் தண்ணியில் ஊறிக் கரையும், அந்த மணல் அடியில் இருக்கும் ரப்பர் மூடியின் உட்காரும் இடத்தில் படியும். அப்புறம் மூடி சரியாக உட்காராமல் ராவும் பகலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகும். மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போய்விடும். 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணி நிரப்பி, மூடி இறுக்கி, மிதவையின் கையில் உரசாத மூலையில் நிறுத்துங்கள். மிதவையின் திருகைக் கொஞ்சம் இறக்கினாலும் அதே பலன்தான்.

இந்த டேங்க் ஒழுக்கைக் கண்டுபிடிக்க: டேங்க்குக்குள் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு 20 நிமிடம் யாரும் போகாமல் விடுங்கள். பேசினில் நிறம் இறங்கியிருந்தால் ரப்பரை மாற்றணும்.

இந்தியன் கழிப்பறையில் பேசினே முக்கியம். வழுக்கும் சரிவு 25 முதல் 28 டிகிரி, நீர்ப்பூட்டு (நாற்றம் மேலே வராமல் வளைவில் நிற்கும் தண்ணி) 20 மி.மீ. உள்ள கிராமியப் பேசின் என்றால் ஒன்றரை, இரண்டு லிட்டரில் சுத்தமாகப் போய்விடும். தட்டையான சாதாரணப் பேசினுக்கு அதைப்போல மூன்று மடங்கு ஊற்றணும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கடையில் கேட்டு வாங்க வேண்டியது இது. ஊற்றும்போது கப்பில் சிறுகச் சிறுக ஊற்றாமல் ஒரே வீச்சில் ஊற்றினால்தான் தள்ளும்.

மொட்டைமாடி:
ஒழுக்கு எல்லாம் சரி. ஆனால் ஆடி வரைக்கும் ஓட்டுவதற்கான பதில் மாடியில் இருக்கு. அங்கே வருஷத்துக்கு ஏறக்குறைய 800 மி.மீ. மழை, பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய மூன்று மாதத்தில் வருது. 800 சதுர அடி என்பது 74 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு 1 சதுர மீட்டரில் 1 லிட்டர். பருவத்தில் 450 மி.மீ. பெய்ததாக வைத்து, சிதறலுக்கும் முதல் மழையில் கழித்து விடுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 74 × 450 × 0.8 = 26,640 லிட்டர்.

அத்தனையும் பிடித்துவைக்கத் தேவையில்லை. குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லிட்டர், வீட்டுக்கு 25 லிட்டர். 5000 லிட்டர் தொட்டி ஒன்று மார்கழித் தொடக்கத்தில் நிறைந்து நின்றால் 200 நாள் வரும், அதாவது ஏறக்குறைய ஆனி 20 வரைக்கும். குடிதண்ணி அதில் ஓடினால் குழாய்த் தண்ணி 2000 லிட்டரும் குளிக்க, துவைக்க மிஞ்சும். லாரி தேவைப்படாது.

அமைப்பு இப்படி:

மாடியில் இருந்து 4 அங்குலக் குழாய் ஒன்று போதும். இரண்டரை அங்குலம் போட்டால் அடைமழையில் மாடியிலேயே தேங்கி, ஓதம் கீழ் அறைக்கு இறங்கும். குழாய் வாயில் குவிந்த மாதிரி இருக்கும் இலைத்தடுப்பு வைங்க, தட்டையான ஜாலி ஒரு வேப்பிலைச் சருகிலேயே அடைபட்டுவிடும்.

அடுத்தது முதல் மழையைக் கழிப்பது. இதில்தான் முக்கால்வாசிப் பேர் தப்புப் பண்றாங்க. இறங்கும் குழாயில் டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு மூன்றடிக் குழாயைத் தொங்கவிட்டு, கீழே மூடி போட்டுவிட்டு "முதல் மழை கழிப்பான்" என்கிறார்கள். 4 அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்குப் பிடிப்பது 8 லிட்டர்தான். 74 சதுர மீட்டர் மாடியில் முதல் 1 மி.மீ. மழையே 74 லிட்டர். நாலைந்து மாதப் புழுதி, காக்கை எச்சம், வேப்பம்பூ எல்லாம் கழுவ 2 மி.மீ. வேணும், அதாவது 150 லிட்டர். ஆக 200 லிட்டர் டிரம்தான் சரி.

டிரம் வைக்கும்போது டீ, டிரம்மின் மூடிக்கு மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்குள் இருக்கணும். அஞ்சடி உயரத்தில் டீயை வைத்துக் கீழே டிரம்மை இணைத்தால், டிரம் நிறைந்ததும் அந்த உயரத்துத் தண்ணி மூடியைத் தள்ளி ஓரமாகப் பிதுங்கிக்கொண்டே இருக்கும், வடிகட்டிக்கு ஒன்றும் போகாது. கிளாம்ப் வளையம் உள்ள மூடியாக வாங்குங்க. டிரம் நிறைந்ததும் டீயின் பக்கக் கையில் தண்ணி திரும்பி வடிகட்டிக்குப் போகும். டிரம் அடியில் 3 மி.மீ. துளை. நிறைந்த டிரம் அதன் வழியே ஆறு மணி நேரம் போல் எடுத்து வடியும், அடுத்த மழைக்குக் காலியாக இருக்கும். துளை மண்ணில் அடைபடும். பருவத்தில் வாரம் ஒரு நாள் ஈர்க்குச்சி விட்டுக் குத்திப் பார்க்கணும். அடைபட்டு டிரம் நிறைந்தே நின்றால் அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போகும்.

வடிகட்டி: இன்னொரு 200 லிட்டர் டிரம், முதல் டிரம்மைவிடத் தாழ்ந்த இடத்தில். அடியில் 6 அங்குலம் முக்கால் ஜல்லி, மேலே 4 அங்குலம் சின்னச் சிப்ஸ் ஜல்லி, நைலான் வலை, அதன் மேல் 1 அடி சல்லடையில் சலித்த ஆற்று மணல் (பருமணல்), திரும்ப வலை, மேலே 3 அங்குலம் கூழாங்கல். மேல் 10 அங்குலம் காலியாக விடணும். கூழாங்கல் போடாவிட்டால் விழும் தண்ணி மணலைக் குடைந்து பள்ளம் பண்ணி, வடிகட்டாமல் இறங்கும். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) வேண்டாம், அதில் உள்ள கல்மாவு வாரக்கணக்கில் பால் மாதிரி வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் தண்ணி தெளிவாக வரும்வரை அலசிப் போடுங்க.

பனங்காடு:
மரக்கரி அடுக்கு விட்டுப்போச்சே? எல்லோரும் கரி போடச் சொல்றாங்க.

மொட்டைமாடி:
அடுப்புக்கரி போட்டால் முதல் பருவத்தில் கொஞ்சம் வாடையை எடுக்கும், அப்புறம் நொறுங்கிக் கருப்புத் தூளாக இறங்கும். வருஷா வருஷம் மாற்ற ஆள் இருந்தால் போடலாம். மாற்றாத கரி வடிகட்டியை அடைக்கும், வேறு லாபமில்லை. மாடி சுத்தமாக இருந்தால் மழைத்தண்ணியில் வாடை இருக்காது. புரட்டாசியிலேயே பெருக்கிக் கழுவுங்க. வெயிலுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்த மாடி, அதிலும் உதிர ஆரம்பித்த பெயிண்ட் என்றால், அந்தத் தண்ணியைக் குடிக்கப் பிடிக்காதீங்க. தட்டோடு, சிமென்ட் தளம் இரண்டும் நல்லது.

உறைகிணறு:
சேமிப்பதைவிட நிலத்தில் இறக்குவதுதானே எல்லோருக்கும் நல்லது? 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினதும் அதற்குத்தானே. போர்த் தண்ணி உப்பும் குறையும்.

மொட்டைமாடி:
அது மண்ணைப் பொறுத்தது. அடியில் உப்புநீர் அடுக்கு இருக்கும் இடத்தில் ஒரு வீட்டு மழைத்தண்ணியை ஆழப் போரில் விட்டால் 26,000 லிட்டரும் அந்த உப்பில் கலந்து மறைந்துவிடும், உங்கள் டி.டி.எஸ். மீட்டரில் அசைவு தெரியாது. குடிக்கத் தேவையானதை முதலில் தொட்டியில் பிடிச்சுட்டு, தொட்டி நிறைந்து வழிவதை நிலத்துக்கு விடுங்க. வரிசை அதுதான்.

கடலோர மணற்பாங்கான இடம் என்றால் கதை வேறு. அங்கே நல்ல தண்ணி கனம் குறைவு என்பதால் உப்புத் தண்ணிக்கு மேலே மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணி 1 மீட்டர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை உப்பை அமுக்கி வைக்கும். அந்த 1 மீட்டரை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு மேலே ஏறும். அதனால் அங்கே ஆழமில்லாத உறைகிணற்றில் மழைநீரை விடுவது நிஜமாகவே பலன் தரும், ஆழத்துக்குப் போர் போட்டு இறைப்பது கேடு.

களிமண் என்றால் வெறும் 3 அடிக் குழி தோண்டி ஜல்லி நிரப்பினால் தண்ணி இறங்காது, கொசுத்தொட்டிதான். குழியின் நடுவில் 6 முதல் 10 அங்குல விட்டத்தில், களியைத் தாண்டி மணல் தட்டும்வரை 10, 15 அடி துளை போட்டு, அதில் கூழாங்கல் நிரப்பணும். எந்த மண்ணாக இருந்தாலும் வடிகட்டாத தண்ணியை ஓடிக்கொண்டிருக்கும் போருக்குள் நேராக விடாதீங்க. வண்டலும் கிருமியும் ஒருமுறை உள்ளே போனால் எடுக்க முடியாது.

வேப்பமரத்தடி:
ஆர்.ஓ. (தண்ணியில் உள்ள உப்பைப் பிரித்தெடுக்கும் மெஷின்) பற்றி யாரும் சொல்லவில்லை. போர்த் தண்ணியை ஆர்.ஓ.வில் போட்டுக் குடித்துவிட்டால் மழைத்தொட்டியே வேண்டாமே?

குழாய்வேலை:
வீட்டு ஆர்.ஓ. மெஷின் 10 லிட்டர் உள்ளே வாங்கினால் 3 லிட்டர் நல்லது தரும், 7 லிட்டர் வெளியே தள்ளும். உள்ளே 2800 டி.டி.எஸ். போனால் வெளியே வரும் கழிவு 4000-ஐ நெருங்கும். அதைச் செடிக்கு ஊற்றினால் தென்னையைத் தவிர எதுவும் தேறாது. வீட்டு மெம்பிரேன்கள் (மெஷினுக்குள் உப்பைத் தடுக்கும் சவ்வு) பெரும்பாலும் 2000 வரைக்குமானவை, 2800-ல் சீக்கிரம் சுண்ணாம்பு கட்டிப்போகும்.

குழாயில் வரும் நல்ல தண்ணியின் டி.டி.எஸ். 500-க்குள் இருந்தால் ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம். குடிநீருக்கான இந்திய அளவே 500, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. கொதிக்க வைத்தால் போதும். மெஷினை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உள் டேங்க் நிறைந்தபின் கழிவுக் குழாய் நிற்கிறதா என்று. நிற்காமல் ஒழுகினால் சோலினாய்டு வால்வு (கரண்டில் திறந்து மூடும் வால்வு) போய்விட்டது, ராத்திரி முழுக்கத் தண்ணி வீண். இரண்டு, கழிவுக் குழாயில் உள்ள ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரில் 300, 450 என்று எண் இருக்கும். அது நிமிடத்துக்கு எத்தனை மில்லி கழிவு என்பது. மெம்பிரேனுக்குப் பொருந்தாமல் பெரிய எண் போட்டிருந்தால் கழிவு கூடும். ஆனால் மிச்சம் பிடிக்கிறோம் என்று மிகச் சின்னதாகப் போட்டால் மெம்பிரேன் அடைபடும். மெம்பிரேன் உறையில் எழுதியுள்ளதைப் பார்த்துப் போடணும். கழிவை 20 லிட்டர் கேனில் பிடித்து வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற.

முருங்கைக்காய்:
குளியல் தண்ணி என் பக்கம். 5 பேர் ஆளுக்கு ஒன்றரை பக்கெட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 120 லிட்டர் போல் வரும். கழிப்பறைக்கு ஊற்றவே அது போதும். குளியலறை வெளிக்குழாயில் 100 லிட்டர் டிரம், வாயில் பழைய நைலான் துணி (முடி அடைக்காமல் இருக்க), அடியில் ஒரு இஞ்ச் குழாய், டேப். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, காற்றில்லாமல் அழுகி முட்டை நாற்றம் வரும். ஃப்ளஷ் டேங்க்குக்குள் ஊற்றவும் கூடாது. சோப்புப் பிசுக்கு மிதவையிலும் ரப்பரிலும் ஒட்டி இரண்டே மாதத்தில் ஒழுக வைக்கும். பக்கெட்டில் எடுத்து நேராகப் பேசினில் வீசுங்க.

செடிக்கு விடுவதாக இருந்தால் குளித்தது எந்தத் தண்ணி என்பது முக்கியம். 2800 டி.டி.எஸ். போரில் குளித்த தண்ணியைத் தென்னை தாங்கும், சப்போட்டா தாங்கும். வாழை, அவரை தாங்காது, இலை ஓரம் தீய்ந்த மாதிரி காயும். துவைத்த தண்ணியில் முதல் அலசலில் சோடியம் அதிகம், மண் இறுகித் தண்ணி உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். அது கழிப்பறைக்கு. கடைசி அலசல் தண்ணியை அடுத்த நாள் முதல் ஊறவைப்புக்கு எடுத்து வைங்க.

துவைப்பதில் இன்னொன்று அக்காமார்களுக்கு: உப்புத் தண்ணியில் சோப்புக்கட்டி நுரைக்காது, கடினத்தன்மை சோப்பைத் திரித்துவிடும், வெள்ளைப் பிசிறு துணியில் ஒட்டும். அதைப் போக்க மூன்று நான்கு அலசல் ஆகும். அதனால் துவைப்பு உப்புத் தண்ணியில் டிடர்ஜென்ட்டில், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில். செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் டேப்பைத் திறந்துவிட்டு அலசாமல், தொட்டி நிரப்பி இரண்டு தடவை அலசிப் பிழிந்தால் செலவு பாதிக்கும் கீழே.

நிலவேம்பு:
தண்ணி சேர்த்து வைக்கும் ஊரில்தான் டெங்கு. குடத்தையும் டிரம்மையும் மூடி வைங்க என்று சொன்னால் போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணியில் போடாது, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டவைக்கும். தண்ணியைக் கொட்டிவிட்டாலும் காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், திரும்ப நிரப்பினதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒரு நாள் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவணும். 10 நாளைக்கு ஒருமுறை தண்ணி வரும் ஊரில், தண்ணி வரும் முந்தின நாள் பாத்திரங்கள் காலியாக இருக்கும்போது இதைச் செய்தால் தண்ணி வீணாகாது. நடுவில் ஒரு நாள் டார்ச் அடித்துப் புழு நெளிகிறதா பாருங்க. பெரிய தொட்டியின் மூடி ஓரம், வழியும் குழாய், காற்றுக்குழாய் மூன்றிலும் கொசுவலை கட்டுங்க. வலையில்லாத வழியும் குழாய்தான் எல்லோரும் மறக்கும் இடம்.

தரைத்தொட்டிக்கு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கினபின் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடணும். பிரித்துவைத்த பழைய பாக்கெட்டுக்கு வீரியம் இருக்காது.

கண்மாய்க்கரை:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். இரண்டு சந்தேகம். தெருக்குழாயில் வேகம் இல்லாத நாளில் பலர் மோட்டாரை நேராகக் குழாயில் மாட்டுகிறார்கள், அப்படிச் செய்தால் 2000 லிட்டருக்கு மேல் பிடிக்கலாமா? அப்புறம் 5000 லிட்டருக்குப் பிளாஸ்டிக் தொட்டியா, சிமென்ட் தொட்டியா?

குழாய்வேலை:
மோட்டார் மாட்டாதீர்கள். சட்டப்படியும் தப்பு, மேட்டில் இருக்கும் வீட்டுக்குச் சொட்டும் போகாது. இன்னொரு ஆபத்து இருக்கிறது: மோட்டார் இழுக்கும்போது தெருக்குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைந்துபோகும், அப்போது இணைப்பு விட்ட இடத்தில் எல்லாம் சாக்கடைத் தண்ணி உள்ளே இழுபடும். முதலில் வரும் கலங்கல் அதுதான். வேகம் குறைவு என்றால் தண்ணி விழும் வாயைத் தரைமட்டத்துக்குக் கீழே, தொட்டியின் கழுத்துக்குள் இறக்குங்கள். இரண்டடி இறக்கினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் அதன் முனை, தொட்டி நிறையும் மட்டத்துக்கு மேலேயே இருக்கணும். தண்ணியில் மூழ்கினால் தொட்டித் தண்ணி குழாய்க்குத் திரும்பும்.

மொட்டைமாடி:
தொட்டிக்கு: வெளிச்சம் புகாத எதுவும் சரி. வெளிச்சம் புகுந்தால் பாசி. பிளாஸ்டிக் என்றால் அடித்தளம் முழுக்கச் சமமாகப் பூசிய மேடை வேணும், 5000 லிட்டர் என்பது 5 டன். ஓரம் ஒரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றாலும் அந்த இடத்தில் கிழியும். சிமென்ட் தொட்டி புதுசு என்றால் முதல் ஒன்றிரண்டு நிரப்பில் சுண்ணாம்புக் காரம் ஏறும், கையில் வழவழப்பாகவே தெரியும். அந்தத் தண்ணியைத் துவைக்க எடுத்துவிட்டு அடுத்த மழையைக் குடிக்கப் பிடிங்க. கட்டும் வேலையை ஆவணியில் முடித்தால்தான் அதற்கு அவகாசம் இருக்கும்.

இந்தத் தொட்டிக்கு உள்ளே வரும் மழைக்குழாயை அடிவரை இறக்கி முனையை மேல்நோக்கி வளைத்துவிடுங்க, அடி வண்டல் கலங்காது. வெளியே எடுக்கும் டேப் தரையில் இருந்து 4 அங்குலம் மேலே. வண்டலை எடுக்க அடியோடு அடியாக இன்னொரு வால்வு. டேப் இருக்கும் பக்கத்தில் உள்ளே லிட்டர் கோடு போட்டு வைங்க, தை முதல் தேதியில் 4300, பங்குனி முதல் தேதியில் 2800 என்று. கோட்டுக்குக் கீழே போயிருந்தால் அந்த மாதமே யாரோ அதில் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.